ட்ராம் சந்திப்பில் சைக்கிள்: ஒரே மூச்சில் திரும்புவதா, இரண்டு தவணையிலா?

சாலையோடு சாலையாகப் பதித்த ட்ராம் தண்டவாளத்தில், சக்கரத்தின் விளிம்பு இறங்கி ஓடுவதற்கென்று ஒரு காடி, அதாவது நீளமான பள்ளம், விட்டிருப்பார்கள். அதன் அகலம் ஏறக்குறைய 4 சென்டிமீட்டர். பந்தய சைக்கிளின் டயர் 23 முதல் 28 மில்லிமீட்டர். ஊருக்குள் ஓட்டும் சைக்கிளுடையது பெரும்பாலும் 35லிருந்து 47 வரை. முதல் ரகம் காடிக்குள் அப்படியே இறங்கிவிடும். இரண்டாவது ரகத்தில் மெலிந்தவை சிக்கிக்கொள்ளும், பருத்தவை தப்பிக்கும். முன்சக்கரம் சிக்கிவிட்டால் ஹேண்டில்பாரைத் திருப்ப முடியாது. சைக்கிளில் நாம் விழாமல் இருப்பதே அதைச் சின்னச் சின்னதாகத் திருப்பிக்கொண்டே இருப்பதால்தான். ஆக, அடுத்த நொடி தரைதான்.

நேர்சாலையில் தண்டவாளத்துக்கு இணையாக ஓட்டுகிறவருக்கு இதைத் தவிர்ப்பது எளிது. தள்ளி ஓட்டினால் போதும். சந்திப்பில் அந்த வசதி இல்லை, திரும்புகிறவர் அதைக் கடந்தே தீர வேண்டும். டொராண்டோ நகரின் மையப்பகுதியில் விபத்தில் காயமடைந்த 276 சைக்கிள்காரர்களைப் பற்றி 2016இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. அவர்களில் 87 பேர் விழுந்ததற்குத் தண்டவாளம் நேரடிக் காரணம். பெரும்பாலானவர்களுக்கு டயர் காடியில் மாட்டியிருக்கிறது. சந்திப்புகளில் இடப்பக்கம் திரும்பும்போது இது அதிகம் நடந்திருக்கிறது. அங்கே வண்டிகள் சாலையின் வலப்பக்கம் ஓடுகின்றன. இடப்பக்கம் ஓட்டும் நாடுகளில் இதையே வலது திருப்பம் என்று வாசித்துக்கொள்ளுங்கள்.

கோணம்தான் எல்லாம். அமெரிக்காவின் நாக்ஸ்வில் நகரில் ஒரு ரயில் பாதை சாலையை மிகச் சாய்வாக வெட்டிச் செல்லும் இடத்தில் கேமரா வைத்துப் பார்த்தபோது, 2 மாதத்தில் 50க்கும் மேற்பட்ட முறை ஆட்கள் விழுந்தது பதிவானது. 30 பாகைக்குக் குறைந்த கோணத்தில் கடந்தால் விழும் வாய்ப்பு ஏறுகிறது, 60 பாகைக்கு மேல் இருந்தால் நல்லது என்பது அதிலிருந்து வந்த முடிவு. இனி வரும் வழிகளையெல்லாம் நான் இந்த அளவுகோலால்தான் அளக்கிறேன்.

முதல் வழி, வண்டிகளோடு வண்டியாக ஒரே மூச்சில் திரும்புவது. பழகியவர்களுக்குப் பிடித்தது இதுதான். ஒரே பச்சையில் வேலை முடிந்துவிடும். ஆனால் என்ன நடக்கிறது என்று மெதுவாக ஓட்டிப் பாருங்கள். நடுச்சாலைக்கு வந்து சேரவே தண்டவாளத்தைச் சாய்வாகத் தாண்டியாக வேண்டும். பிறகு எதிரே வரும் வண்டிகளுக்காக, அநேகமாக இரண்டு இரும்புக் கோடுகளுக்கு நடுவே, ஒரு காலை ஊன்றி நிற்க வேண்டும். இடைவெளி கிடைத்ததும் வளைந்தபடியே மிச்சத் தண்டவாளங்களைத் தாண்ட வேண்டும். இரும்பின் மேல் போகும்போது திருப்பாதே, பிரேக் பிடிக்காதே, அழுத்தி மிதிக்காதே என்பது பாலபாடம். இந்த வழி அந்த மூன்றையும் ஒரே நேரத்தில் செய்யச் சொல்கிறது. மழை பெய்தால் காடியே தேவையில்லை, நனைந்த இரும்பே சறுக்கிவிடும்.

இரண்டாவது, இரண்டு தவணையில் திரும்புவது. பச்சை விழுந்ததும் சந்திப்பை நேராகக் கடந்து எதிர் மூலைக்குப் போய், அங்கே சைக்கிளைத் திருப்பி நிறுத்திக் காத்திருந்து, குறுக்குச் சாலைக்குப் பச்சை வந்ததும் மறுபடி நேராகப் போவது. டென்மார்க்கில் சைக்கிளில் இடப்பக்கம் திரும்புகிறவர் இப்படித்தான் திரும்ப வேண்டும் என்பது சட்டம். மெல்போர்னில் தடைப்பலகை இல்லாத எந்தச் சந்திப்பிலும் சைக்கிள்காரர் வலப்பக்கம் இப்படித் திரும்பலாம். அந்நகரின் மையத்தில் பல சந்திப்புகளில் கார்களே ட்ராமை மறிக்காமல் இடது ஓரத்தில் ஒதுங்கி நின்றுதான் வலப்பக்கம் திரும்புகின்றன.

கோழைகளின் வழி என்று சிலர் சிரிப்பார்கள். எனக்கு இது வெறும் வடிவக்கணிதம். ஒரு சாய்வான கடப்பு, இரண்டு நேரான கடப்பாக உடைகிறது. தண்டவாளம் நேரே ஓடும் சந்திப்பில் நாம் அதைத் தாண்டுவது ஏறக்குறைய 90 பாகையில், திருப்பாமல், பிரேக் இல்லாமல். செலவு ஒரு சிவப்பு விளக்கு.

ஒரு ஓட்டை இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. ட்ராம் நேரே போகும் சந்திப்புக்குத்தான் இந்தக் கணக்கு. ட்ராமே திரும்பும் சந்திப்பில் வளைவுத் தண்டவாளங்கள் நாலா பக்கமும் கிளை பிரியும். நேராகப் போகிறவரும் அவற்றைச் சாய்வாக வெட்ட நேரிடும். காத்திருக்கும் மூலையும் வினையாகலாம்: வளைவில் ட்ராமின் முனைகள் தண்டவாளத்தைவிட வெளியே வீசும், நடுப்பகுதி உள்பக்கம் வெட்டும். கோட்டைப் பார்த்து ஓரமாகத்தான் நிற்கிறோம் என்று நினைத்தால் பெட்டியின் வால் வந்து இடிக்கும். நிற்கும் இடத்தைத் தண்டவாளத்தை வைத்து அளக்காமல், ஒரு ட்ராம் திரும்புவதை ஒருமுறை நின்று பார்த்துவிட்டு முடிவுசெய்வது மேல்.

மூன்றாவது, சைக்கிள் பாதையையே வளைத்து, தண்டவாளத்தை நேர்கோணத்தில் சந்திக்க வைப்பது. நாக்ஸ்வில்லில் கண்ட தீர்வும் இதுதான்: குடத்தின் காதுபோலச் சாலையோரம் வெளியே வளைந்து வந்து குறுக்கே கடப்பது. அங்கே அது வேலை செய்தது, ஏனென்றால் அந்த வளைவில் பின்னால் கார் இல்லை. இதையே போக்குவரத்துக்கு நடுவில் வெறும் வண்ணப்பூச்சாகப் போட்டால் கதை மாறும். 2014இல் ட்ராம் ஓடத் தொடங்கிய எடின்பரோவில், ஹேமார்க்கெட் நிலையத்தின் முன் தண்டவாளம் சாலையைச் சாய்வாக வெட்டுகிறது. வளைந்து போகச் சொல்லி நிறம் தீட்டிய பாதை இருந்தும், பலர் நேராகப் போய் விழுந்தார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. கோணம் பிடிக்க ஒருவர் திடீரென்று விலகும்போது பின்னால் வரும் ஓட்டுநருக்கு அது தறிகெட்ட ஓட்டமாகத்தான் தெரியும். அந்நகரில் ட்ராம் பாதையால் காயமடைந்த 191 சைக்கிள்காரர்களை மருத்துவர்கள் ஓர் ஆய்வில் கணக்கெடுத்தார்கள்.

நான்காவது, தனிப்பாதை. இதில் ட்ராம் நிறுத்தத்தை எப்படிக் கடக்கிறோம் என்பதே கேள்வி. நிறுத்தத்துக்குப் பின்புறமாகச் சுற்றிப் போகும் பாதையே சுகம். நெதர்லாந்தில் இது சகஜம். இடமில்லாத இடத்தில் மெல்போர்னின் ஸ்வான்ஸ்டன் தெருபோல, டொராண்டோவின் ரான்சஸ்வேல்ஸ் அவென்யூபோல, சைக்கிள் பாதை பிளாட்பாரத்தின் மேலேயே ஏறி இறங்கும். கதவு திறந்ததும் பயணிகள் நேராக நம் முன்சக்கரத்தில் காலை வைப்பார்கள். நிற்க வேண்டியது நாம். தண்டவாளத் தொல்லை தீர்ந்து, ஆள் தொல்லை தொடங்கும். ஆனாலும் இடித்தால் சிராய்ப்போடு போகும் இடத்தைத்தான் நான் தேர்ந்தெடுப்பேன். தனிப்பாதை போட்டு, சந்திப்பின் மூலையில் காத்திருக்கத் திட்டும் கட்டி, இரண்டு தவணைத் திருப்பத்தைச் சாலையே செய்ய வைத்தால் அதற்கு நிகர் வேறில்லை. டொராண்டோவில் விழுந்தவர்கள் கேட்டதிலும் அது உண்டு.

காடியை ரப்பரால் அடைத்துவிடலாமே என்று எல்லோருக்கும் தோன்றும். ட்ராம் சக்கரம் அழுத்தும்போது ரப்பர் உள்ளே அமுங்கும், சைக்கிளின் எடைக்கு அமுங்காது. சூரிக் இதைச் சோதித்துப் பார்த்தது. ஓயாமல் ட்ராம் ஓடும் தடத்தில் ரப்பர் சீக்கிரம் தேய்ந்துபோனது. எப்போதாவது ஒரு வண்டி போகும் பணிமனைத் தடத்துக்குச் சரிவரும்.

டயரை மாற்றுவது கைக்கெட்டிய உபாயம். 50 மில்லிமீட்டர் டயர் காடிக்குள் இறங்காது. ஈரத்தில் சறுக்குவதை அது தடுக்காது.

கடைசியாக, இறங்கித் தள்ளுவது. நேர்த்தண்டவாளச் சந்திப்பில் எனக்கு அது தேவைப்பட்டதில்லை, இரண்டு தவணை போதும். தண்டவாளம் கிளை பிரிந்து, மழையும் பெய்தால் இறங்கிவிடுவேன். தள்ளும்போதும் ஒரு விஷயம்: ஒரு ட்ராம் கடந்ததும் உடனே தண்டவாளத்தில் கால் வைக்காதீர்கள். அதன் முதுகுக்குப் பின்னால் எதிர்த்தடத்தில் இன்னொன்று வந்துகொண்டிருக்கும். இரும்பின் மேல் இரும்பு உருளும் வண்டி அது. விலகவும் முடியாது, சட்டென்று நிற்கவும் முடியாது.