‘கைண்ட் ஆஃப் ப்ளூ’: எந்தப் பதிப்பை வாங்குவது?

ஜாஸ் ட்ரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’ ஆல்பத்தை வாங்க விரும்பும் நண்பர்கள், அதை எல்பி இசைத்தட்டாக வாங்குவதா, சிடியாக வாங்குவதா, சிடியைவிட நுண்ணிய தரம் கொண்ட ஹை-ரெஸ் கோப்பாக இறக்கிக்கொள்வதா என்றே முதலில் கேட்கிறார்கள். இந்த ஆல்பத்தைப் பொறுத்தவரை அது இரண்டாவதாகக் கேட்க வேண்டிய கேள்வி என்பது என் உறுதியான கருத்து. கையில் எடுக்கும் பதிப்பு சுருதி திருத்தப்பட்டதா என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும். ஏனெனில் 1959 ஆகஸ்டில் கொலம்பியா நிறுவனம் வெளியிட்ட இந்த இசைத்தட்டின் முதல் பக்கத்திலுள்ள மூன்று உருப்படிகளையும், கலைஞர்கள் வாசித்ததைவிடச் சற்று ஏறிய சுருதியிலும் சற்று விரைந்த காலப்பிரமாணத்திலுமே உலகம் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் கேட்டு வந்தது.

பிழைக்கான காரணம் எளிமையானது. 1959 மார்ச் 2 அன்று ‘சோ வாட்’, ‘ஃப்ரெடி ஃப்ரீலோடர்’, ‘ப்ளூ இன் கிரீன்’ ஆகியவை பதிவானபோது, முதன்மை டேப் எந்திரம் உரிய வேகத்தைவிடச் சற்று மெதுவாக ஓடியது. மெதுவாக ஓடிய நாடாவைப் பிறகு சரியான வேகத்தில் ஓடும் எந்திரத்தில் இயக்கினால், இசை விரைவதோடு சுருதியும் ஏறிவிடும். ஏப்ரல் 22 அன்று பதிவான ‘ஆல் ப்ளூஸ்’, ‘ஃபிளமென்கோ ஸ்கெட்சஸ்’ இரண்டுக்கும் இந்தக் குறை நேரவில்லை. ஆகவே ஒரே இசைத்தட்டின் இரு பக்கங்களும் வெவ்வேறு வேகக் கணக்கில் அமைந்துவிட்டன. நல்லவேளையாக, மார்ச் மாதப் பதிவின்போது பாதுகாப்புக்காக இரண்டாவது எந்திரம் ஒன்றும் உடன் ஓடிக்கொண்டிருந்தது. அதன் வேகம் சரியாக இருந்தது. அந்த நாடாவைக் கொண்டு 1992இல் வெளியான தங்க முலாம் பூசிய சிடி பதிப்பில்தான் பிழை முதன்முதலாகத் திருத்தப்பட்டது. 1997இல் ஒலிப் பொறியாளர் மார்க் வைல்டர் ஒலியை மூன்று தனித் தடங்களில் கொண்ட மூல நாடாக்களிலிருந்து புதிதாகக் கலந்து உருவாக்கிய பதிப்பிலும் இந்தத் திருத்தம் உண்டு.

இவ்வளவு சிறிய வேறுபாட்டை யார் கவனிக்கப்போகிறார்கள் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். தம்பூராவோடு வளர்ந்த காதுகளுக்கு அது பொருட்படுத்த வேண்டிய வேறுபாடே. நாடா முழுவதும் ஒரே விகிதத்தில் ஏறியிருப்பதால் சுரங்களுக்கு இடையிலான உறவு கெடுவதில்லை என்பதையும், அதனால்தான் பெரும்பாலோர் பல்லாண்டுகளாக எந்த நெருடலும் இன்றிக் கேட்டார்கள் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வேகத்தோடு வாத்தியங்களின் குரலும் மாறுகிறது. திருத்திய பதிப்பில் ஜான் கோல்ட்ரேனின் டெனர் சாக்ஸஃபோன் கூடுதல் கனத்தோடு ஒலிக்கிறது; பால் சேம்பர்ஸின் பேஸ் தந்தி ஒவ்வொன்றும் அதிர்ந்து அடங்குவதற்கு இன்னும் சற்று இடம் கிடைக்கிறது; ‘ப்ளூ இன் கிரீன்’ உருப்படியின் விளம்பக் காலம் அதற்கே உரிய நிதானத்தை மீண்டும் பெறுகிறது. தட்டோடு சேர்ந்து தாமும் வாசித்துப் பழகும் கலைஞர்களுக்கோ இது வெறும் ரசனை விஷயமும் இல்லை. திருத்தாத பதிப்போடு இணைந்து வாசிக்க வேண்டுமானால் அவர்கள் தங்கள் வாத்தியத்தின் சுருதியையே மாற்றிக்கொள்ள வேண்டும்.

கர்நாடக இசை கேட்டுப் பழகியவர்களுக்கு இந்த ஆல்பத்தை நான் பரிந்துரைப்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. ‘சோ வாட்’ உருப்படி டோரியன் என்ற சுர அடுக்கில் அமைந்தது. அதன் சுரங்கள் நம் கரகரப்பிரியா மேளத்தின் சுரங்களே. கமகங்களும் ராகத்துக்குரிய பிடிகளும் இல்லாததால் அதைக் கரகரப்பிரியா என்று சொல்லிவிட முடியாது என்றாலும், ஒரே சுர அடுக்கில் நீண்ட நேரம் நின்று கற்பனையை விரிக்கும் முறை நமக்கு அந்நியமானதன்று. முப்பத்திரண்டு பார்கள், அதாவது நான்கு தட்டு கொண்ட தாள அளவுகள், சேர்ந்த சுற்றில் முதல் பதினாறு ஓர் ஆதாரத்தில் நிற்கின்றன. அடுத்த எட்டில் அதே அடுக்கு அப்படியே அரைச் சுரம் மேலே நகர்கிறது. இறுதி எட்டில் பழைய இடத்துக்குத் திரும்புகிறது. இந்த அரைச் சுர நகர்வில்தான் உருப்படியின் முழு அழகும் இருக்கிறது. நுட்பமான இந்த ஏற்றத்தை ஆதாரமாகக் கொண்ட படைப்பை, அதற்குரிய சுருதியிலேயே கேட்பதுதான் முறை.

இனி ஒலிப்பதிவின் தரத்துக்கு வருகிறேன். நியூயார்க்கின் கிழக்கு 30ஆவது தெருவில், முன்பு தேவாலயமாக இருந்த கட்டடத்தில் கொலம்பியாவின் ஒலிப்பதிவுக்கூடம் இயங்கியது. உயர்ந்த கூரை கொண்ட அந்த அரங்கில், ஃப்ரெட் ப்ளௌட் என்ற பொறியாளர் மூன்று தட நாடாவில் இந்த ஆல்பத்தைப் பதிவு செய்தார். அடித்தளத்தில் இருந்த கான்கிரீட் அறையொன்று எதிரொலி சேர்ப்பதற்குப் பயன்பட்டது. பியானோ கலைஞர் கிளென் கூல்ட் 1955இலும் 1981இலும் பாக்கின் கோல்ட்பெர்க் வேரியேஷன்ஸைப் பதிவு செய்ததும் இதே கூடத்தில்தான். வாத்தியத்தின் ஒலி ஓர் இடத்தில் பிறந்து, அந்த இடத்தின் காற்றோடு கலந்து நம்மை வந்தடைகிறது என்ற உணர்வு ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’வின் ஒவ்வொரு நிமிடத்திலும் கிடைக்கிறது. பின்னாளில் பல தடங்களில் தனித்தனியே பதிந்து ஒட்டிய எத்தனையோ ஆல்பங்களில் இந்த உணர்வை நான் பெற்றதில்லை.

ஸ்டீரியோ பதிப்பில் டேவிஸின் ட்ரம்பெட் நடுவிலும், கோல்ட்ரேன் இடப்புறத்திலும், ஆல்டோ சாக்ஸஃபோன் வாசிக்கும் கேனன்பால் ஆடர்லி வலப்புறத்திலும் நிற்கிறார்கள். உங்கள் ஒலிபெருக்கிகள் சரியாக வைக்கப்பட்டிருக்கின்றனவா என்று சோதிப்பதற்கு இதைவிட நல்ல தட்டு வேண்டியதில்லை. ‘சோ வாட்’ உருப்படியில் டேவிஸ் தன் தனி வாசிப்பைத் தொடங்கும் கணத்தில் டிரம்ஸ் கலைஞர் ஜிம்மி காப் தாளத்தட்டை (சிம்பல்) ஓங்கி அடிக்கிறார். அந்த அடியின் நாதம் ட்ரம்பெட்டின் முதல் சொற்றொடர்களுக்குப் பின்னால் படிப்படியாகக் கரைவதைக் கேட்க முடிந்தால், உங்கள் சாதனங்கள் தம் வேலையைச் செய்கின்றன என்று பொருள். அது வெறும் ‘சஸ்’ என்ற இரைச்சலாக வந்து அறுந்து போனால், கோளாறு கோப்பிலோ சாதனத்திலோ இருக்கிறது. ‘ப்ளூ இன் கிரீன்’ உருப்படியில் ட்ரம்பெட்டின் வாயில் ஒலியை அடக்கும் ஹார்மன் மூடியைப் பொருத்திக்கொண்டு மைக்குக்கு மிக அருகில் டேவிஸ் வாசிக்கிறார். அந்த ஒலியில் உலோகத்தின் கூர்மையும் மூச்சின் ஈரமும் சேர்ந்தே இருக்க வேண்டும். மலிவான ஹெட்ஃபோன்களில் கூர்மை மட்டுமே மிஞ்சிக் காதைக் குத்துகிறது.

நாடாவின் மெல்லிய இரைச்சல் அமைதியான இடங்களில் கேட்கத்தான் செய்கிறது. டால்பியின் இரைச்சல் குறைப்பு முறை 1960களின் நடுவில்தான் வந்தது என்பதால், 1959ஆம் ஆண்டுப் பதிவில் அது இருப்பது இயல்பே. அதை வடிகட்டி அகற்றினால் தாளத்தட்டுகளின் மேல் அதிர்வுகளும் சேர்ந்து போய்விடும். இரைச்சலை அப்படியே விட்டுவைத்த பதிப்பையே நான் விரும்புகிறேன்.

எல்பியா சிடியா என்ற வழக்குக்கு இப்போது வரலாம். எல்பியின் முதல் பக்கம் ஏறத்தாழ 25 நிமிடம் ஓடுகிறது. ‘ப்ளூ இன் கிரீன்’ அதன் கடைசியில், மையத்துக்கு அருகில் இருக்கிறது. தட்டு மாறாத வேகத்தில் சுழன்றாலும், வெளி விளிம்பில் முள்ளுக்கு அடியில் விநாடிக்கு ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் தடம் கடக்கிறது. உள்ளே செல்லச் செல்ல அது பாதியை ஒட்டிக் குறைந்துவிடுகிறது. ஆல்பத்திலேயே மிக மென்மையான உருப்படி, தட்டிலேயே மிக நெருக்கடியான இடத்தில் அமைந்திருக்கிறது. நல்ல டர்ன்டேபிளும் சரியாகப் பொருத்திய முள்ளும் உடையவர்களுக்கு இது பெரிய குறையாகத் தெரியாது. தொடக்கநிலை டர்ன்டேபிளில் மூடியிட்ட ட்ரம்பெட்டின் ஒலி சிதறுவதைத் தெளிவாகவே கேட்கலாம். பெரிய அட்டையைக் கையில் ஏந்தி, அதன் பின்புறத்தில் பியானோ கலைஞர் பில் எவன்ஸ் எழுதிய குறிப்பைப் படித்துக்கொண்டே கேட்கும் இன்பம் எல்பிக்கே உரியது. அந்த இன்பத்துக்காக அதை வாங்குவதை நான் முழுமனதோடு ஆதரிப்பேன். ஒலி மேம்பட்டது என்பதற்காக மட்டும் வாங்க வேண்டாம்.

24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் ஹை-ரெஸ் கோப்புக்குக் கூடுதல் விலை தருவதிலும் எனக்கு உடன்பாடில்லை. 16 பிட் சிடியின் ஒலி வீச்சு, அதாவது மிக மெல்லிய ஒலிக்கும் மிக உரத்த ஒலிக்கும் உள்ள இடைவெளி, ஏறத்தாழ 96 டெசிபல். 1959ஆம் ஆண்டு நாடாவின் வீச்சு அதைவிட வெகுவாகக் குறைவு. மூலத்தில் உள்ள அனைத்தும் சிடியிலேயே தாராளமாக அடங்கிவிடுகின்றன. 2007இல் மேயர், மோரன் இருவரும் வெளியிட்ட ஆய்வில், ஹை-ரெஸ் ஒலியையும் அதைச் சிடி தரத்துக்குக் குறைத்த ஒலியையும் மாற்றி மாற்றிக் கேட்டவர்கள், 554 முயற்சிகளில் ஏறத்தாழ பாதி முறையே சரியாகச் சொன்னார்கள். நாணயத்தைச் சுண்டிப் பார்த்திருந்தாலும் அதே விடைதான் கிடைத்திருக்கும். பல ஆய்வுகளைத் தொகுத்து 2016இல் வந்த மற்றொரு கட்டுரை, சிறிதளவு வேறுபாட்டை மனிதர்கள் உணர்வதாகச் சொல்கிறது என்பதையும் நேர்மையாகக் குறிப்பிட வேண்டும். அந்தச் சிறிதளவை நான் மறுக்கவில்லை. சுருதி திருத்தத்துக்கும் நல்ல மாஸ்டரிங்குக்கும் (வெளியீட்டுக்கு முன் ஒலியை இறுதியாகச் செம்மைப்படுத்துவது) முன்னால் அது மிகச் சிறியது என்றே சொல்கிறேன். நீங்களே ஒப்பிட்டுப் பார்க்க விரும்பினால், இரண்டின் ஒலி அளவையும் சமமாக்கிக்கொண்டு கேளுங்கள். சற்று உரக்க ஒலிப்பதை நம் காது எப்போதும் மேலானது என்றே எடுத்துக்கொள்ளும்.

ஸ்ட்ரீமிங்கில் கேட்பவர்கள் ஒலித் தகவல் எதையும் இழக்காத லாஸ்லெஸ் தரத்தைத் தேர்ந்துகொள்வது நல்லது. ஆனால் சாதாரண ப்ளூடூத் ஹெட்ஃபோன் ஒலியை மீண்டும் சுருக்கியே அனுப்புகிறது என்பதால், கம்பி இணைப்பு இல்லாமல் அந்தத் தேர்வுக்குப் பயன் குறைவு.

பழைய சிடிகளையும் எல்பிகளையும் வாங்குபவர்கள் அட்டையிலுள்ள ஆண்டைப் பார்க்க வேண்டும். 1980களின் சிடிகளில் சுருதி திருத்தப்படவில்லை. ஆண்டு தெளிவாக இல்லையென்றால் ‘சோ வாட்’ ஓடும் நேரத்தைப் பாருங்கள்: திருத்திய பதிப்பில் அது 9 நிமிடம் 22 விநாடி, திருத்தாதவற்றில் அதைவிடக் குறைவு. முதல் வெளியீட்டின் எல்பியைச் சேகரிப்புக்காகத் தேடுபவர்களுக்கு இந்த அறிவுரை பொருந்தாது. அவர்கள் வாங்குவது வரலாற்றை.

என் தேர்வு 1997ஆம் ஆண்டுப் பதிப்பின் சிடி. விலை, எளிதில் கிடைப்பது, ஒலி ஆகிய மூன்றிலும் அதற்கே முதலிடம் தருவேன். ‘ஃபிளமென்கோ ஸ்கெட்சஸ்’ உருப்படியின் மாற்று வடிவமும் அதில் சேர்க்கப்பட்டிருக்கிறது. ஐந்து சுர அடுக்குகளில் ஒவ்வொன்றிலும் விரும்பிய நேரம் நின்று பிறகு அடுத்ததற்கு நகரலாம் என்ற உரிமை வாசிப்பவருக்கே தரப்பட்ட உருப்படி அது; ஆகவே இரு வடிவங்களையும் அடுத்தடுத்துக் கேட்கும்போது, எந்த அடுக்கில் கோல்ட்ரேன் கூடுதலாகத் தங்குகிறார், எதை விரைந்து கடக்கிறார் என்பதை நாமே ஒப்பிட்டுப் பார்க்க முடிகிறது.