அழுத்தக் காலுறையுடன் இரண்டரை ஆண்டுகள்

கணக்கு எழுதும் வேலையில் 22 ஆண்டுகளாக நாற்காலியில் அமர்ந்தே இருப்பவன் நான். மாலையானால் கால் கனப்பதையும், செருப்பு வார் புறங்காலில் தடம் பதிப்பதையும் வயதின் மேல் போட்டுவிட்டு இருந்தேன். பிறகு இடது கணுக்காலின் உட்புறத்தில் நாணய அளவில் ஒரு பழுப்புத் தடம் தோன்றி, அரிப்பும் செதிலுமாகப் பரவியது. படர்தாமரை என்று எண்ணி, மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய களிம்பை மாதக்கணக்கில் தடவினேன். அதில் ஸ்டீராய்டு கலந்திருந்தது பின்னர்தான் தெரிந்தது. தோல் மெலிந்து பளபளத்து, சொறிந்த இடத்தில் நீர் கசியத் தொடங்கியபோது வீட்டில் எல்லோரும் சர்க்கரைப் புண் என்று அஞ்சினார்கள். ஆனால் இரத்தச் சர்க்கரை சரியான அளவில்தான் இருந்தது.

தோல் மருத்துவர் என்னை எழுந்து நிற்கச் சொல்லி இரு கால்களையும் முழுதாகப் பார்த்த பிறகே புண்ணைப் பார்த்தார். இரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேனில், இரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுசெல்லும் சிரைகளின் வால்வுகள் சரியாக மூடாமல் இரத்தம் கீழ்நோக்கித் திரும்புவது தெரிந்தது. ஆடுசதை சுருங்கும்போதுதான் காலின் இரத்தம் மேலே பிழிந்து தள்ளப்படுகிறது. மணிக்கணக்கில் அசையாமல் அமர்ந்தால் அந்த இறைப்பு குறைந்து, தேங்கிய இரத்தத்தின் அழுத்தத்தால் சிவப்பணுக்கள் நுண்குழாய்களிலிருந்து வெளியே கசிகின்றன. அவை சிதைந்து விட்டுச்செல்லும் இரும்புதான் அந்தப் பழுப்பு நிறம். அமர்ந்த வேலை மட்டுமே காரணமன்று, என் அம்மாவுக்கும் நரம்புச் சுருட்டு (வெரிகோஸ் வெயின்) இருந்தது.

தேக்கத்தைக் குறைக்கக் காலை வெளியிலிருந்து இறுக்கும், முழங்கால் வரையிலான இரண்டாம் வகுப்பு அழுத்தக் காலுறையை, அதாவது கணுக்காலில் 23 முதல் 32 மி.மீ. பாதரச அழுத்தம் தருவதை, அவர் எழுதிக் கொடுத்தார். அதற்கு முன் கையிலும் கணுக்காலிலும் இரத்த அழுத்தத்தை அளந்து ஒப்பிட்டார். காலுக்கு இரத்தம் கொண்டுவரும் தமனியில் அடைப்பு உள்ளவர் இறுக்கமான காலுறை அணிந்தால் காலுக்கே ஆபத்து என்பதால், இந்தச் சோதனை இல்லாமல் யாரும் கடையில் நேரே வாங்க வேண்டாம் என்று வற்புறுத்திச் சொல்கிறேன்.

முதல் ஜோடி வீணாயிற்று. வேலை முடிந்து மாலையில், வீங்கிய காலோடு அளவு கொடுத்ததால் அது காலையில் தளர்ந்து வழிந்தது. மேல்விளிம்பு மடிந்து தோலில் பள்ளம் விழுந்தது. அளவைக் காலையிலேயே எடுக்க வேண்டும். காலுறையையும் வீக்கம் ஏறுவதற்கு முன், படுக்கையை விட்டு இறங்கும்போதே அணிய வேண்டும். தொடக்கத்தில் எனக்குப் பத்து நிமிடங்கள் பிடித்தது. குதிகால் வரை உட்புறமாகத் திருப்பிவைத்து, ரப்பர் கையுறை போட்டு மெல்ல மேலேற்றும் முறை பழகியபின் இரண்டு நிமிடங்களே ஆகின்றன.

உண்மையான சோதனை சித்திரை வெயில்தான். வியர்வையில் மேல்விளிம்பின் கீழ் வேர்க்குரு வந்தது. விரல்கள் திறந்திருக்கும் வகைக்கு மாறிய பிறகும் நண்பகல் பேருந்துப் பயணம் கடினமாகவே இருக்கிறது. இரவில் கழற்றியதும் கழுவித் துடைத்து, வாசனையற்ற வெள்ளை பெட்ரோலியம் ஜெல்லி மட்டும் தடவுகிறேன். இத்தகைய தோலில் ஒவ்வாமை எளிதில் பற்றும். நியோமைசின் என்ற கிருமிக்கொல்லி மருந்து கலந்த களிம்பு ஒன்று எனக்குப் புண்ணை இன்னும் பெரிதாக்கியது.

வீக்கம் இரண்டு வாரங்களில் வடிந்தது, அரிப்பு அடங்க மூன்று மாதங்களாயின, நீர்க்கசிவு அதன்பின் வரவில்லை. பழுப்பு நிறம் சற்று வெளுத்ததே தவிரப் போகவில்லை. முழுதாகப் போகாமலும் இருக்கலாம் என்று மருத்துவர் முன்பே சொல்லியிருந்தார். உறவினர் திருமணத்துக்காகப் பத்து நாட்கள் காலுறையை விட்டபோது கனமும் அரிப்பும் திரும்பின. வால்வுகளைக் காலுறை சரிசெய்வதில்லை, அணிந்திருக்கும் வரை தாங்கிப் பிடிக்கிறது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

இரண்டு ஜோடிகளை மாற்றி மாற்றி அணிந்து, கையால் துவைத்து நிழலில் உலர்த்துகிறேன். ஆனாலும் ஆறு மாதங்களில் இழுவை தளர்ந்துவிடுவதால் செலவு தொடர்கிறது. அத்துடன் அரை மணிக்கு ஒருமுறை எழுந்து, குதிகாலை இருபது முறை உயர்த்தி இறக்குகிறேன். இதைத் தவறவிட்ட நாட்களில், காலுறை இருந்தும் மாலையில் கால் கனக்கிறது. பழுதான சிரையை லேசர் மூலம் அடைக்கலாம் என்று மருத்துவர் கூறியிருக்கிறார். அடுத்த மாத டாப்ளர் ஸ்கேனைப் பார்த்த பின் அதை முடிவு செய்வோம்.