எட்டு ஸீனோவும் ஒரு பச்சை அட்டையும்

காசு கொடுத்துக் கேட்ட ஓர் ஒலிப்பாடத்தில், கிரேக்க வீரன் அக்கிலிஸ் ஓட்டத்தில் ஆமையைப் பிடிக்கவே முடியாது என்று வாதாடிய எலியா ஊர்த் தத்துவவாதி ஸீனோவையும், அவருக்கு நூறு வருஷத்துக்கு மேல் பிந்தி ஏதென்ஸில் ஸ்டோயிக் என்ற தத்துவப் பள்ளியைத் தொடங்கிய சிட்டியம் ஊர் ஸீனோவையும் ஒரே ஆளாக்கி விட்டார்கள். அந்த எரிச்சலில் வாங்கியதுதான் டயோஜெனிஸ் லயெர்டியஸின் தத்துவவாதிகள் வரலாறு. 1925இல் வந்த ஹிக்ஸின் ஆங்கில மொழிபெயர்ப்பு, இரண்டு பாகம், பச்சை அட்டை, இடப்பக்கம் கிரேக்கம், வலப்பக்கம் ஆங்கிலம்.

பலர் இதை வாங்குவது இதில் வரும் இன்னொரு டயோஜெனிஸின், தாழிக்குள் குடியிருந்த தத்துவவாதியின், நக்கலுக்காக. எனக்குப் பிடித்தது வேறு. பலருடைய கதை முடிகிற இடத்தில் அதே பெயர்க்காரர்களை வரிசையாக நிறுத்தி வைக்கிறார் லயெர்டியஸ். ஸீனோ மட்டும் எட்டுப் பேர்! ஐந்தாமவர் எழுதியது கொஞ்சம், சேர்த்து வைத்த சீடர்கள் ஏராளம். ஆறாமவர் வைத்தியர், விஷயம் தெரிந்தவர், ஆனால் எழுத வராது. ஒரே வரியில் ஆளை முடித்துவிடுகிறார். ஹெராக்ளிட்டஸ் ஐந்து பேரில் கடைசி ஆள் யாழ் வாசிப்பதை விட்டுக் கோமாளி வேஷத்துக்குப் போனவர். தியோடோரஸ் இருபது பேர், அதில் சாமோஸ் தீவுக்காரர் ஈரமான நிலத்தில் எழும் எபேசஸ் கோயிலுக்கு அஸ்திவாரத்தில் கரியைப் போடச் சொன்னவராம், கரிக்குள் தண்ணீர் இறங்காது என்று.

நமக்கு இன்ஷியல் மாதிரி அவர்களுக்கு ஊரும் அப்பா பெயரும். அதை விட்டால் குழப்பம்தான், பித்தாகரஸே கிட்டத்தட்ட ஒரே காலத்தில் நாலு பேர் என்கிறார்.

குறை இல்லாமல் இல்லை. லயெர்டியஸ் கி.பி. 3ஆம் நூற்றாண்டு ஆள், தேலீஸ் போன்ற ஆதித் தத்துவவாதிகள் இவருக்கு எண்ணூறு வருஷம் முந்தியவர்கள், கேட்ட வம்பையெல்லாம் வடிகட்டாமல் எழுதுகிறார், ஒருவர் எப்படிச் செத்தார் என்பதற்கு நாலு கதை சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார். அப்புறம், டயோஜெனிஸ் என்று ஐந்து பேரை எண்ணியவர் அதே பெயருள்ள தன்னைச் சேர்க்கவில்லை!

ஒன்றுதான் வாங்க முடியுமென்றால் இரண்டாம் பாகத்தை எடுங்கள். ஸீனோ, பித்தாகரஸ், ஹெராக்ளிட்டஸ், தாழிக்காரர் எல்லாரும் அதில்தான். கரி போடச் சொன்ன தியோடோரஸ் மட்டும் முதல் பாகத்தில் மாட்டிக்கொண்டார்.