ஞாயிறு மதியம் மூன்று மணி நேரம்: பந்தயம் ஓட்டுவதா, மிதவையைச் சுற்றுவதா?

420 மாதிரி இருவர் ஓட்டும் சிறிய பாய்மரப் படகில் பந்தயத்துக்குத் தயாராகிறவர்களுக்கு வாரத்தில் பெரும்பாலும் ஒரு மதியம்தான் கிடைக்கும். நாலைந்து படகுகள் சேர்ந்து பயிற்சிப் பந்தயம் ஓட்டலாம். இரண்டு மிதவை போட்டுச் சின்னதாகச் சுற்றலாம். பயிற்சியாளர் விசில் ஊதும்போதெல்லாம் திரும்பலாம். தண்ணீரில் இறங்காமல், ட்ராலியில் நிற்கும் படகிலேயே கைகால் வேலையைப் பழகலாம். பலரும் முதலாவதைத்தான் எடுக்கிறார்கள், அதில்தான் சுவாரசியம் என்பதால். படகைக் கையாளக் கற்றுக்கொள்ள அதுதான் மிக மெதுவான வழி என்பேன்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். காற்றை எதிர்த்து மேலே போய், காற்றோடு கீழே வரும் இரண்டு சுற்றுப் பந்தயம் முக்கால் மணி நேரம் ஓடுகிறது என்று வையுங்கள். அதில் ஸ்பின்னேக்கர் (காற்றோடு போகும்போது முன்னால் விரிக்கும் பெரிய பாய்) ஏறுவது இரண்டே தடவை, இறங்குவதும் இரண்டே தடவை. நடுவில் கயிறு சிக்கினால், ஏன் சிக்கியது என்று பேசவும் நேரமிருக்காது. பக்கத்துப் படகு முந்திக்கொண்டிருக்கும். அதே முக்கால் மணியில் 150 மீட்டர் இடைவெளியில் இரண்டு மிதவை போட்டுச் சுற்றினால், மிதமான காற்றிலேயே பத்துத் தடவைக்கு மேல் ஏற்றி இறக்கலாம். சிக்கினால் படகை நிறுத்திவிட்டுப் பார்க்கலாம்.

சின்னச் சுற்றிலும் ஒரு தொல்லை உண்டு. க்ரூ, அதாவது சுக்கான் பிடிக்காத இன்னொருவர், சீக்கிரம் களைத்துப்போவார், களைத்த கை தப்பான பழக்கத்தையே பழகிக்கொள்ளும். நாலைந்து சுற்றுக்கு ஒருமுறை நிறுத்தித் தண்ணீர் குடித்துவிட்டுத் தொடர்வதே நல்லது.

கரைப் பயிற்சியைப் பலர் சிறுபிள்ளை வேலை என்று நினைக்கிறார்கள். 420-இல் ஸ்பின்னேக்கரோடு ஜைப் செய்வதை (காற்று பின்னாலிருந்து வரும்போது பாயை மறுபக்கம் மாற்றித் திரும்புவதை) எடுத்துக்கொள்ளுங்கள். சுக்கான் பிடிக்கும் ஹெல்ம்ஸ்மேன் எழுந்து நின்று, சுக்கான் கட்டையை முழங்காலுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு, இரண்டு கைகளாலும் ஸ்பின்னேக்கர் கயிறுகளைப் பிடித்திருப்பார். அந்த நேரத்துக்குள் க்ரூ, ஸ்பின்னேக்கரின் ஒரு முனையை வெளியே தள்ளிப் பிடிக்கும் கம்பைப் பாய்மரத்திலிருந்து கழற்றி, புதுப் பக்கத்துக் கயிற்றில் மாட்டி, வெளியே தள்ளி, பழைய முனையை விடுவித்துப் பாய்மரத்தில் மாட்ட வேண்டும். இந்த வரிசை யோசிக்காமல் கையில் வர வேண்டும். அலையில் ஆடும் படகில் முதல் தடவையாகக் கற்றால், வரிசையா சமநிலையா என்று மனசு இரண்டாகிவிடும். கரையில் ஸ்பின்னேக்கரை ஏற்றாமலே கம்பையும் கயிற்றையும் மட்டும் வைத்து இருபது தடவை மாற்றிப் பாருங்கள். செலவே இல்லை, காற்றில்லாத நாளும் வீணாகாது.

29இஆர் என்ற இன்னொரு இருவர் படகை ஓட்டுகிறவர்களுக்கு இந்தக் கம்பு வேலையே கிடையாது. அங்கே இருவரும் ஒரே தாளத்தில் படகைக் குறுக்கே கடப்பதுதான் சவால். அதை ஓடும் படகில்தான் பழக முடியும். அதனால் 29இஆர்காரர்கள் கரையில் செலவிடும் நேரத்தைக் குறைத்துக்கொள்ளலாம். டோக்கியோ ஒலிம்பிக்கில் சென்னையின் வருண் தாக்கரும் கே.சி. கணபதியும் ஓட்டிய 49இஆர் இதன் பெரிய அண்ணன். அதில் இருவருமே ட்ரபீஸில் (பாய்மரத்திலிருந்து வரும் கம்பியில் படகுக்கு வெளியே) தொங்க வேண்டும்.

விசில் பயிற்சி டேக்கிங்குக்கு (படகின் மூக்கைக் காற்றுக்கு நேரே கொண்டுபோய் மறுபக்கம் திருப்புவதற்கு) நல்லது, அதுவும் எப்போது திரும்புவது என்ற முடிவு உங்கள் கையில் இல்லை என்பதால். ஆனால் பயிற்சியாளரும் மோட்டார் படகும் வேண்டும். இரண்டும் இல்லையென்றால் 720 டிகிரி சுற்றுங்கள். விதிமீறலுக்கான இரண்டு சுற்றுத் தண்டனைதான் அது: ஒவ்வொரு சுற்றிலும் ஒரு டேக், ஒரு ஜைப். மிதவைகூட வேண்டாம். படகைச் சாய்த்து நிமிர்த்தித் திரும்பும் ரோல் டேக்கில் மட்டும் கவனம்: திரும்பாமலே போயிருந்தால் இருந்திருக்கும் வேகத்தைவிடத் திரும்பி முடித்ததும் வேகம் கூடினால், அது பாய்மரப் பந்தய விதிகளில் 42-ஆம் விதியை மீறியதாகும்.

இரண்டு படகுகளைப் பக்கம் பக்கமாக ஓட்டிப் பார்ப்பது வேகத்தைச் சரிசெய்யத்தான். கையாளும் திறமைக்கு அதில் பெரிதாக ஒன்றும் கிடைக்காது.

சரி, பயிற்சிப் பந்தயத்தால் பயனே இல்லையா? ஸ்டார்ட் ஒன்றுக்காக அது வேண்டும். கோட்டில் நாலு படகுகளுக்கு நடுவே இடத்தை விடாமல் நிற்பது, கடைசிப் பத்து வினாடியில் பாயை இழுத்து வேகம் பிடிப்பது, இதெல்லாம் கூட்டமில்லாமல் வராது. அதற்கும் முழுப் பந்தயம் தேவையில்லை. மூன்று நிமிடக் கவுண்ட்டவுனோடு ஸ்டார்ட், ஒரு நிமிட ஓட்டம், திரும்பி வந்து மறுபடி ஸ்டார்ட் என்று ஓட்டினால் போதும்.

ஆக, மூன்று மணி நேரத்தை நான் பிரித்தால் இப்படி: கரையில் இருபது நிமிடம், சின்னச் சுற்று ஒன்றரை மணி, மிச்சத்தில் ஸ்டார்ட். சென்னைத் துறைமுகம் மாதிரி அலைதடுப்புக்குள் அமைதியான தண்ணீர் இருக்கும் இடத்தில் முதல் சில வாரங்கள் உள்ளேயே பழகுங்கள். வெளியே போனால் அலையின் முகட்டில் திரும்புவதா பள்ளத்தில் திரும்புவதா என்ற இன்னொரு கேள்வி சேர்ந்துகொள்ளும். காற்று மணிக்கு 18 கடல் மைல் வேகத்தைத் தாண்டினால் ஸ்பின்னேக்கரைப் பையிலேயே வைத்துவிட்டு, படகைக் கவிழ்த்து நிமிர்த்தப் பழகுங்கள், மீட்புப் படகு பக்கத்தில் நிற்கும்போது மட்டும்.