இன்ட்ரூடரா, கோர்சேரா?

வியட்நாம் போரில் அமெரிக்க விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து பறந்த இந்த இரண்டு தாக்குதல் ஜெட்களில் எது மேல் என்று கேட்டால், தயங்காமல் ஏ-6 இன்ட்ரூடர் என்பேன். காரணம், இரவும் மழையும்தான். 1965-இல் களமிறங்கிய இதில் விமானியும் குண்டுவீச்சாளரும் அருகருகே அமர்ந்தார்கள். ஒருவர் ஓட்ட, மற்றவர் ரேடார் திரையில் இலக்கைத் தேடுவார். பருவமழை மேகங்கள் கவிந்து தரையே தெரியாத இருட்டிலும், சுமார் 8,000 கிலோ ஆயுதங்களைச் சுமந்து தாழ்வாகப் பறந்து செல்ல அதனால் முடிந்தது. அந்த இருவரின் நெஞ்சுரம் இன்றும் வியக்க வைக்கிறது.

ஏ-7 கோர்சேர் 1967 டிசம்பரில் ரேஞ்சர் கப்பலிலிருந்து போருக்கு வந்தது. ஒரே எஞ்சின், ஒரே விமானி, குறைந்த செலவு. பிந்தைய ஏ-7இ வகையில் குண்டு விழும் இடத்தைக் கணினி கணித்து, விமானியின் கண்ணெதிரே கண்ணாடியில் காட்டியது. தெளிந்த பகலில் அதன் குறி அபாரம். அதை மறுக்க மாட்டேன்.

1972 மே 9 அன்று வடக்கு வியட்நாமின் ஹைபோங் துறைமுகத்தில் கண்ணிவெடிகளை இட, கோரல் சீ கப்பலிலிருந்து 3 இன்ட்ரூடர்களும் 6 கோர்சேர்களும் சேர்ந்தே சென்றன. 1991 வளைகுடாப் போரிலும் இரண்டும் பறந்தன. அதே ஆண்டில் கோர்சேர் கடற்படையின் போர்ப்பணியிலிருந்து விலகியது. இன்ட்ரூடர் 1997 வரை நீடித்தது.