சின்ன பெட், பெரிய பெட், செக்: ஃப்ளாப்பில் எது சரி?

தை மாதம் சம்பா அறுவடை முடிந்ததும் மயிலாடுதுறையில் ஒரு நண்பர் வீட்டு மாடியில் எட்டு ஒன்பது பேர் கூடுவோம். கும்பகோணத்திலிருந்து இரண்டு பேர், திருவாரூரிலிருந்து ஒருவர், மற்றவர்கள் உள்ளூர். ஆட்டம் போக்கர்: ஆளுக்கு இரண்டு சீட்டு கையில், மற்றவை மேசை நடுவில் எல்லோருக்கும் பொது. சீட்டுக்கட்டு, பிளாஸ்டிக் சிப், ஃபில்டர் காபி. காசு கிடையாது. பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களுக்கு 2025ல் மத்திய அரசு சட்டம் போட்டுத் தடை விதித்தது, ஆனால் எங்கள் ஆட்டம் அதற்கு முன்பிருந்தே வெறும் சிப்தான். முதல் மூன்று இடத்துக்கு மட்டும் புள்ளி உண்டு, அதை நோட்டில் எழுதி வைப்போம்.

எங்களுக்குள் ஓயாத வாதம் சி-பெட் பற்றியதுதான். ஃப்ளாப்புக்கு (நடுவில் முதலில் விழும் மூன்று பொதுச் சீட்டு) முன் ரெய்ஸ் செய்தவர், அதாவது பெட்டை உயர்த்தியவர், ஃப்ளாப் விழுந்த பிறகும் கை விடாமல் பெட் வைப்பதைத்தான் கன்டினியூவேஷன் பெட் என்கிறார்கள். பாட் (நடுவில் சேர்ந்திருக்கும் சிப்) அளவில் மூன்றில் ஒரு பங்கை எப்போதும் வை என்பது ஒரு கட்சி. வைத்தால் மூன்றில் இரண்டு பங்கு வை, ஆனால் தேர்ந்தெடுத்து வை என்பது அடுத்த கட்சி. நான் முதல் கட்சியில் ரொம்ப நாள் இருந்தவன். இப்போது எங்கள் மேசையில் பாதிக்கு மேல் இரண்டாவது பக்கம் வந்துவிட்டேன். ஏன் என்று கணக்கோடு சொல்கிறேன்.

சீட்டு பார்க்கும் முன்பே இரண்டு பேர் கட்டாயமாகப் போடும் ப்ளைண்ட் 500/1000, அதில் பெரியதைப் போடும் பிக் ப்ளைண்ட் கூடுதலாகப் போடும் ஆன்ட்டி 1000 என்று வைத்துக்கொள்வோம். பட்டனில் (ஃப்ளாப்புக்குப் பிறகு கடைசியாக ஆடும் இடம்) இருந்து 2200க்கு ரெய்ஸ் செய்கிறீர்கள், பிக் ப்ளைண்ட் மட்டும் கால் செய்கிறார், அதாவது அதே அளவு போட்டுத் தொடர்கிறார். பாட் 5900. அவர் கூடுதலாகப் போட்டது வெறும் 1200. அதாவது 20 சதவீதம் ஜெயிக்கும் வாய்ப்பு இருந்தாலே அவருக்கு அந்த விலை கட்டுப்படியாகும். டோர்னமென்ட்டில் ஆன்ட்டி செய்யும் வேலை இதுதான்: கண்ட சீட்டோடும் பிக் ப்ளைண்டை உள்ளே வர வைக்கிறது. ஜோடியில்லாத இரண்டு சீட்டுக்கு ஃப்ளாப்பில் ஏதாவது ஒட்டுவதே ஏறக்குறைய மூன்று முறைக்கு ஒரு முறைதான்.

இந்த நிலையில் ஃப்ளாப்பில் ராஜா, 7, 2 மூன்று வெவ்வேறு இனத்தில் விழுகிறது. சின்ன பெட் இங்கே அருமையாக வேலை செய்யும். 2000 வைத்தால், நான்கில் ஒரு முறை எதிராளி ஃபோல்டு செய்தாலே (சீட்டைப் போட்டுவிட்டு விலகினாலே) நஷ்டமில்லை. 4000 வைத்தால் ஐந்தில் இரண்டு முறை ஃபோல்டு வேண்டும். கையில் ஒன்றுமில்லாதவர் 2000க்கும் விலகுவார், 4000க்கும் விலகுவார். ராஜா வைத்திருப்பவர் இரண்டுக்கும் விலகமாட்டார். பிறகு எதற்கு இரட்டிப்பு விலை? இன்னொரு லாபமும் உண்டு. உங்களிடம் 25 பிக் ப்ளைண்ட் அளவு சிப்தான் இருக்கிறது, எதிராளி ஆல்-இன் (இருப்பது முழுவதும்) போட்டுவிட்டார் என்றால், 2 ப்ளைண்ட் நஷ்டத்தோடு விலகி மறு கைக்குக் காத்திருக்கலாம். 4000 வைத்து அதே ஆல்-இன் வந்தால் 4 ப்ளைண்ட் போச்சு. 25ல் 4 என்பது சாதாரணமில்லை.

சரி, அதே ஆட்டத்தில் ஆர்ட்டின் 9, ஆர்ட்டின் 8, கிளாவர் 7 விழுந்தால்? இங்கேதான் சின்ன பெட் கட்சி தடுமாறுகிறது. இந்த ஃப்ளாப் பிக் ப்ளைண்ட் வைத்திருக்கக்கூடிய சீட்டுகளுக்கே அதிகம் ஒட்டும். உங்களிடம் ஏஸ் ஜோடி, அவரிடம் இரண்டு ஆர்ட்டின். நீங்கள் 2000 வைத்தால், அவர் 2000 போட்டு 7900க்கு ஆடுகிறார், 20 சதவீதம் போதும். டர்னில் (நான்காவது பொதுச் சீட்டு) ஃப்ளஷ், அதாவது ஒரே இனத்தில் ஐந்து, விழும் வாய்ப்பு 47 சீட்டில் 9, அதாவது 19 சதவீதம். கிட்டத்தட்ட சரியான விலைக்கு நீங்களே விற்கிறீர்கள், விழுந்தபின் உங்களிடமிருந்து இன்னும் பிடுங்கவும் அவருக்கு வாய்ப்பு. 4000 வைத்தால் அவருக்கு 29 சதவீதம் தேவைப்படும். அந்த வித்தியாசம்தான் பெரிய பெட்டின் நியாயம். கையில் உள்ளது ஏஸ்-ராஜா மட்டும் என்றால் அதே ஃப்ளாப்பில் செக் செய்துவிடுங்கள், அதாவது பெட் வைக்காமல் விடுங்கள். சின்னதும் வேண்டாம், பெரியதும் வேண்டாம்.

எங்கள் ஊரில் மேட்டூர் திறப்பை நம்பி நாற்று விட்டிருப்பார்கள். தண்ணீர் வாய்க்காலுக்கு வராமல் யாரும் நடவு போடமாட்டார்கள். முன்னால் ரெய்ஸ் செய்தது நாற்று விட்டது மாதிரி. ஃப்ளாப் தண்ணீர் தரவில்லை என்றால் நடவு ஆளைக் கூப்பிட வேண்டிய கட்டாயம் இல்லை.

இனி எங்கள் மேசையின் உண்மையான பிரச்சனை. இங்கே ஒருவர் மட்டும் கால் செய்வது அபூர்வம். "ரெண்டாயிரம்தானே மாப்ள, பாத்துடுவோம்" என்று மூன்று பேர் வந்துவிடுவார்கள். ஒவ்வொருவரும் பாதி முறை ஃபோல்டு செய்வார்கள் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவர் எதிரில் இருந்தால் 50 சதவீதம் உங்களுக்குப் பாட் வருகிறது. இரண்டு பேர் என்றால் 25, மூன்று பேர் என்றால் 12.5. மூன்றில் ஒரு பங்கு பெட்டுக்கே 25 தேவை என்று மேலே பார்த்தோம். ஆக, இரண்டு பேர் எதிரில் இருக்கும்போதே வெறுங்கை சி-பெட் விளிம்புக்கு வந்துவிடுகிறது, மூன்றாவது ஆள் வந்தால் அது தானம். போன வருடம் ஏஸ்-ராணியோடு மூன்று பேருக்கு எதிராகப் பழக்க தோஷத்தில் வைத்தேன், ஃப்ளாப் ஜாக்கி, 10, 6. இரண்டு பேர் கால். ஒன்பதும் எட்டும் வைத்துக்கொண்டு தவம் கிடந்த ஒருவருக்கு டர்னில் ஏழு விழுந்து, ஏழு முதல் ஜாக்கி வரை வரிசை சேர்ந்தது. நான் அங்கேயும் வைத்தேன். அன்று எனக்குப் புள்ளி இல்லை.

அதனால் என் தீர்ப்பு மேசையைப் பொறுத்து இரண்டாகப் பிரிகிறது. ஃபோல்டு தெரிந்தவர்கள் இருக்கும் டோர்னமென்டில், ஒரே எதிராளி, காய்ந்த ஃப்ளாப் (ராஜா, 7, 2 போல ஒன்றோடொன்று சேராதது) என்றால் மூன்றில் ஒரு பங்கு, யோசிக்கவே தேவையில்லை. பார்த்துவிடத் துடிப்பவர்கள் மத்தியில், கை இருந்தால் மூன்றில் இரண்டு பங்கு, இல்லாவிட்டால் செக். இவர்களை விரட்ட முடியாது, இவர்களிடம் வாங்கத்தான் முடியும்.

செக் என்றால் பயம் என்று நினைப்பவர்கள் உண்டு. ராஜா, 7, 2ல் கையில் 8-8 ஜோடி இருக்கிறது. பெட் வைத்தால் ராஜா மட்டும்தான் தங்கும், மற்றது பெரும்பாலும் ஓடும். செக் செய்தால் ஓசியில் ஒரு சீட்டு கொடுப்பது உண்மைதான், ஆனால் டர்னில் 7 வைத்திருப்பவரும் வெறுங்கைக்காரரும் தாங்களாகவே பெட் வைக்க வருவார்கள். நடுத்தரக் கைக்கு இது நல்ல வழி.

அப்புறம் நான்கு பேர் மிச்சம், மூன்று பேருக்குப் புள்ளி என்ற கட்டம். அங்கே இழக்கும் ஒரு சிப், கிடைக்கும் ஒரு சிப்பைவிடக் கனம். நிறைய சிப் வைத்திருப்பவர் நடுத்தர ஆளை எதிர்த்துச் சின்ன பெட்டைத் தாராளமாக வைக்கலாம்; அவர் வெளியேற பயந்து ஃபோல்டு செய்வார். நீங்களே அந்த நடுத்தர ஆள், எதிரில் இருப்பவர் சிப் மலையோடு உட்கார்ந்திருக்கிறார், உங்களைவிடக் கம்மியாக ஒருவர் மூன்று ப்ளைண்டோடு ஓரத்தில் இருக்கிறார் என்றால், நடுத்தரக் கையோடு பாட்டைப் பெரிதாக்காமல் செக் செய்துவிட்டு அந்த மூன்று ப்ளைண்ட்காரரின் அடுத்த கையைப் பாருங்கள்.