சவுக்குத் தூளும் ரப்பர் மாஸ்க்கும்: மூன்று வருசக் கதை

பண்டாரவளைப் பக்கம் சின்ன மரவேலைப் பட்டறை வைத்திருக்கிறேன். தோட்டத்தில் தேயிலைக்கு நிழல் கொடுத்து வயதாகிப்போன சவுக்குதான் வரும் மரத்தில் பாதி. புத்தகத்தில் கிரெவில்லியா ரோபஸ்டா, பூர்வீகம் ஆஸ்திரேலியா. இழைத்துவிட்டால் மீன் செதில் மாதிரி மின்னும்.

பல வருசம் மூக்கில் லேஞ்சியைக் கட்டிக்கொண்டுதான் அறுத்தேன். முழங்கையிலும் கழுத்திலும் கொப்புளம் கிளம்பும். அறுத்த அன்றைக்கு அல்ல, இரண்டு நாள் கழித்து. அதனால் பழியெல்லாம் கருவாட்டுக்குப் போனது. சவுக்கில் கிரெவில்லால் என்றொரு பொருள் இருக்கிறதாம். சேங்கொட்டைப் பால் தோலைப் புண்ணாக்குகிறதே, அந்தச் சரக்குக்கு இது ஒன்றுவிட்ட சொந்தம் என்று தோல் டாக்டர் சொன்ன பிறகுதான் கருவாட்டை மன்னித்தேன்.

அப்புறம் வாங்கியதுதான் இரண்டு பில்டர் வைத்த ரப்பர் அரை மாஸ்க். மூன்று வருசமாகப் பாவிக்கிறேன். முன்பு சேண்டர் (மரத்தைத் தேய்க்கும் மெசின்) பிடித்த நாளில் மூக்கைச் சிந்தினால் லேஞ்சி காவியாகும், இப்போது இல்லை. சவுக்கு என்றில்லை, மரத்தூளே புற்றுநோய் தரும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 1995இல் முதல் வகையில் சேர்த்திருக்கிறது. மூக்கின் உட்பகுதியில் வருவதுதான் அதில் முக்கியமானது.

தொல்லையும் உண்டு. இரண்டு நாள் தாடி இருந்தாலே ஓரத்தில் காற்றுப் புகும். பில்டர் இரண்டையும் உள்ளங்கையால் மூடி மூச்சை இழுத்தால் மாஸ்க் முகத்தில் ஒட்டிக்கொள்ள வேண்டும். ஒட்டாவிட்டால் சவரம் செய்துவிட்டுத்தான் மெசினைப் போடுவேன். ஆணியில் மாட்டிவைத்தால் நம் மூடுபனிக்கு ஈரம் இழுத்துப் பூஞ்சை வாடை அடிக்கிறது. ஒரு சோடி பில்டரை அப்படியே எறிந்தேன். இப்போது வேலை முடிந்ததும் துடைத்து, மூடி உள்ள டப்பாவுக்குள். மூச்சு இழுக்கக் கஷ்டமானால் பில்டரை மாற்றிவிட வேண்டும், தட்டிப் பாவிக்கக் கூடாது.

ஆனால் மாஸ்க் மூச்சை மட்டும்தான் பார்த்துக்கொள்ளும். அது வந்த பிறகும் ஒரு நாள் மனைவியின் மணிக்கட்டில் அதே கொப்புளம். அவர் பட்டறைப் பக்கமே வந்ததில்லை. என் சேர்ட்டைத் துவைத்தார், அவ்வளவுதான். இப்போது வேலைச் சேர்ட் முழுக்கை, பட்டறையிலேயே கழற்றித் தனி வாளியில், கையுறையோடு நானே அலசுகிறேன். கொம்பிரசரால் உடம்புத் தூளை ஊதித் தள்ளும் பழக்கத்தையும் விட்டாச்சு. அது தூளை மறுபடி காற்றில் கிளப்பும் வேலை. கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவாமல் தேத்தண்ணிக் கோப்பையைத் தொடுவதில்லை.

மாஸ்க்கின் வார் இரண்டாம் வருசமே தொய்ந்துவிட்டது. மறுபடி வாங்கினால் இதே மாதிரி, ஒரு சைஸ் சின்னதாக வாங்குவேன்.